அந்த நேரத்தில் அவனுக்கு வெளியில் என்ன வேலை

கவுன்சில் சட்டம் கொண்டுவர யோசிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் இருந்தது. இருட்டினால் பிள்ளைகள் உள்ளே. மாரிக் குளிர் காலத்தில் பின்னேரத் தேத்தண்ணி ஆறுவதற்குள் இருட்டிவிடுகிற ஊர் இது. மற்றப் பிள்ளைகள் ஹை ரோட்டில் சிக்கன் கடை வாசலில் கூட்டமாக நிற்பார்கள். என் மகள் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே வீட்டுக்கு வந்து, ஜன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டுப் படிக்க இருப்பாள். அவள் அதற்குப் பழகியிருந்தாள். நான்தான் பழக்கினேன்.

லண்டனில் நாங்கள் இருக்கிற ஸ்ட்ரெதமில் பொலிஸ் ஹெலிகொப்டர் சுற்றுவது புதினம் அல்ல. அந்தச் சத்தம் கூரைக்கு மேலே வந்தால் என் கை தன்பாட்டில் போய் விளக்கை அணைத்துவிடும். மனைவி அடுப்படியில் தாளித்துக்கொண்டு நின்றாலும் அணைத்துவிடுவேன்.

"இஞ்சேருங்கோ, கறிவேப்பிலை எரியுது!" என்று அவள் இருட்டுக்குள் நின்று கத்துவாள்.

"அப்பா, அவங்கள் கார் களவெடுத்தவனைத் தேடுறாங்கள். உங்களை இல்லை" என்பாள் மகள்.

இருவரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சத்தம் தூரப் போகும்வரை விளக்கைப் போடமாட்டேன்.

போன மாரியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பீடத்துக்கு மெழுகுதிரி பிடிக்கிற பையன் ஒருவனைக் கத்தியால் குத்திக் கொன்றுபோட்டார்கள். என் மகளின் வகுப்பில் படித்தவன். திடீரென்று வளர்ந்த பிள்ளை. பூசை உடுப்பு கணுக்காலுக்கு மேலே நிற்கும். தாய் கானா நாட்டுக்காரி. சனிக்கிழமைகளில் பீடத்துக்குப் பூ வைக்கிறவர். எங்கள் தமிழ்ப் பூசைக்கும் அந்தப் பூதான். பையன் பஸ் தரிப்புக்குப் பக்கத்து ஒழுங்கையில் கிடந்தான். இரவு பத்து மணிக்குக் கிட்ட என்று சொன்னார்கள். யார் செய்தது, எதற்காக என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

அடக்கப் பூசைக்குப் பிறகு என் மகள் பாடற்குழுவுக்குப் போவதை விட்டுவிட்டாள். பூசைக்கு வருவாள், வாய் திறக்கமாட்டாள். வீட்டிலும் கதை குறைந்துவிட்டது. இளசுகளின் துக்கத்தில் கை வைக்கப் பயந்து நாங்கள் பேசாமல் இருந்தோம்.

கொஞ்ச நாளில் அந்தச் செய்தி வந்தது. பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பெரியவர் துணையில்லாமல் தெருவில் நிற்கக்கூடாது. நின்றால் பொலிஸ் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விடும். திரும்பப் பிடிபட்டால் வேறு நடவடிக்கை. எங்கள் பகுதியில் முதலில் செய்து பார்க்கலாமா என்று சனங்களிடம் கேட்கப் போகிறார்களாம். கோயில் மண்டபத்தில் மீற்றிங். தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் வந்து ஆதரவாகக் கை தூக்கவேண்டும் என்று பூசை முடிவில் அறிவித்தார்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. என் பயத்தை அரசாங்கமும் பயப்படத் தொடங்கிவிட்டது என்பது போல. அன்று சாப்பாட்டு மேசையில் நல்லது நடக்கப் போகிறது என்ற நினைப்பில் அதைச் சொன்னேன்.

மகள் கரண்டியை வைத்தாள். "நீங்கள் கை தூக்கப் போறீங்களா?"

"ஓம். ஏன் பிள்ளை?"

"கோயில் அலுவலுக்கு எண்டா விலக்கு இருக்காம்" என்று மனைவி இடையில் புகுந்தாள். நத்தார் நடுச்சாமப் பூசைக்கும் பெரிய வியாழன் விழிப்புக்கும் பிள்ளைகள் போகவேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

"அப்ப மாதாவும் சூசையப்பரும் ராவில எகிப்துக்கு ஓடேக்க பொலிஸ் மறிச்சா, கோயில் அலுவல் எண்டு சொல்லுறதோ?"

"அது பிள்ளையோட தாய் தகப்பன் நிண்டவை. அது அலவுட்" என்றாள் மனைவி.

வேறு நாளென்றால் மூவரும் சிரித்திருப்போம். மகளின் முகம் அசையவில்லை. "அப்பா, அவன் ஒரு ரூலையும் பிரேக் பண்ணேல்ல. பஸ்ஸுக்குப் பக்கத்தில நிண்டவன். அவ்வளவுதான். இப்ப நீங்கள் எல்லாரும் கை தூக்கினா, அவன் வீட்டில இருந்திருக்கவேணும் எண்டு சொல்லுறீங்கள். அவன்ர பிழை எண்டு சொல்லுறீங்கள். அவன்ர அம்மாவும் அங்க வருவா. அவவுக்கு முன்னால நீங்கள் கை தூக்கினா, பிறகு நான் உங்களோட பூசைக்கு வரமாட்டன். சத்தியமா வரமாட்டன்."

மனைவி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். நான் ஏசியிருக்கவேண்டும். ஆனால் அவன்ர பிழை என்று அவள் சொன்ன அந்தச் சொல், பல வருடமாக நான் திறக்காத ஒரு கதவில் போய்த் தட்டிவிட்டது.

என் தமையன் செத்தது ஊரடங்கு இரவில். மன்னாரில், கடற்கரையை ஒட்டிய எங்கள் குறிச்சியில். நான் அப்போது சின்னப் பையன். அவன் பள்ளிக்கூடம் முடிக்காத வயது. கடலை நம்பிப் பிழைக்கிற சனத்துக்கு இரவு என்பது தொழில் செய்கிற நேரம். பிள்ளைகளும் இருட்டில் கரைக்குப் போய்ப் பழகியவர்கள். அந்த இரவைத்தான் ஆமிக்காரர் எங்களிடமிருந்து எடுத்திருந்தார்கள். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து, பொதுமக்களின் பாதுகாப்புக் கருதி என்றுதான் ஒவ்வொரு நாளும் தொடங்குவார்கள்.

அன்றிரவு வெடிச் சத்தம் கேட்டது. வழமையாகக் கேட்கிற சத்தம்தான் என்று எல்லோரும் பாயில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். தமையனின் பாய் வெறுமையாக இருந்ததை அந்த இருட்டில் ஒருவரும் காணவில்லை. விடியப்புறம் கண்டோம். கண்டும் வெளியே போக ஏலாது, ஊரடங்கு எடுக்கவேண்டும். அப்பா கதவுக் கொழுக்கியில் கையை வைத்தபடி நின்றார். வெளிச்சம் கதவு இடுக்கால் வந்து அவர் காலில் விழுந்து, மெல்ல மெல்ல மேலே ஏறியது. இரவு கேட்ட வெடியையும் வெறும் பாயையும் வைத்து, அவன் வீதியில் கிடக்கிறான் என்று எங்களுக்குத் தெரியும், அவனைத் தூக்கப் போக எங்களுக்கு அனுமதி இல்லை. என் வாழ்நாளில் விடிந்துகொண்டே இருந்த காலை அதுதான்.

செத்த வீட்டுக்கு ஊர் முழுக்க வந்தது. வந்தவர்கள் அழுதார்கள். அழுதுவிட்டு, வேலியோரம் ஒதுங்கி நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"அந்த நேரத்தில இவனுக்கு வெளியில என்ன வேலை?"

சுட்டது யார் என்று யாரும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் கேட்டவன் வீட்டில் அடுத்த சவப்பெட்டி. ஆகவே கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவரும் கெட்டவர் இல்லை. ஆனால் கேட்கக் கேட்க, வெள்ளை உடுப்போடு பெட்டிக்குள் கிடந்தவன் கொஞ்சம் கொஞ்சமாகக் குற்றவாளி ஆகிக்கொண்டு போனான். உபதேசியார் கூட, செபம் சொல்லி முடித்த கையோடு, அப்பாவின் தோளில் கை போட்டு அதைத்தான் கேட்டார்.

அப்பா சொன்னார்: "தாய்க்கு முட்டு. குளிசை எடுக்கப் போனவன்."

அம்மாவுக்கு மூச்சிழுக்கிற முட்டு வருத்தம் இருந்தது உண்மை. அந்தப் பதிலோடு வேலியோரக் கதை நின்றுவிட்டது. தாய்க்கு மருந்து எடுக்கப் போய்ச் செத்த பிள்ளை என்று சனம் அவனைக் கும்பிடாத குறை. முப்பத்தோராம் நாள் பூசையில் சுவாமியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அம்மா முன் வாங்கில் இருந்து அதைக் கேட்டார்.

அவன் செத்த இரவு, வெடிச் சத்தம் கேட்கும்வரை அம்மா நித்திரையில் இருந்தவர். நித்திரையில் தான் மூச்சு இழுத்தது பிள்ளைக்குக் கேட்டுவிட்டது, அதனால் எழும்பிப் போய்விட்டான் என்று அவர் நம்பினார். அதற்குப் பிறகு அம்மா முட்டு இழுக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டதில்லை. வருத்தம் வந்தால் சீலைத் தலைப்பை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விடுவார். நாங்கள் போய்ப் பார்த்தால் கையை ஆட்டி விரட்டுவார். கண் இரண்டும் பிதுங்கி நிற்கும். குளிசையைக் கொடுத்தால் கையில் வாங்கி வைத்திருப்பார், குடிக்கமாட்டார்.

நான் லண்டனுக்கு வந்து குரோய்டனில் பெரிய கட்டடத்தில் அகதி விசாரணைக்கு இருந்தபோதும் அந்தக் கேள்வி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது. மொழிபெயர்க்க வந்தவர் இந்தியத் தமிழ்ப் பெண். அதிகாரி கேட்டதை மெதுவாக, மன்னிப்புக் கேட்கிறவர் போலச் சொன்னார்: "கர்ஃப்யூ நேரத்துல உங்க அண்ணன் எதுக்கு வெளிய போனாருன்னு கேக்குறாங்க." அம்மாவுக்குக் குளிசை எடுக்க என்று சொன்னேன். அப்போது நானும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

அம்மா ஊரில் மோசம் போனார். செத்த வீட்டுக்கு என்னால் போக முடியவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் போன பிறகு அப்பா தொலைபேசியில் வந்தார்.

"அவ போயிட்டா. இனிச் சொல்லலாம். குளிசை எண்டது நான் சொன்ன கதையடா மோனே. அவன் ஏன் போனவன் எண்டு எனக்குத் தெரியாது."

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றிப் பிடித்தேன்.

"அவன்ர பேருக்கு ஒரு பழுதும் வரக்கூடாது எண்டுதான் சொன்னனான். அது அவளில போய் விழும் எண்டு எனக்கு விளங்கேல்ல."

"பிறகாவது அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்தானே அப்பா?"

அப்பா திருப்பிக் கேட்டார்: "என்னெண்டு சொல்லுறது? உன்னால இல்லை, ஒரு காரணமும் இல்லாமல் செத்துப் போனான் எண்டே? அதை அவள் தாங்குவாளே?"

அப்பாவும் இப்போது இல்லை. கர்த்தர் மூவரையும் ஒன்றாக வைத்திருப்பார், அங்கே அவர்கள் பேசித் தீர்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் ஒவ்வொரு நவம்பரிலும் மரித்த விசுவாசிகளுக்காகப் பூசை கொடுக்கிறேன். ஆனால் சில இரவுகளில் அம்மாவின் இழுப்புச் சத்தம் எனக்குக் கேட்கும். உயிரோடு இருந்தபோது மறைத்து வைத்த சத்தம். ஹீட்டர் குழாயின் சத்தம் என்று மனைவி சொல்வாள். இருக்கலாம்.

மீற்றிங் நாளன்று பூசையில் மகள் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. இரண்டு வரிசை தள்ளி இருந்தாள். மண்டபத்தில் தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஜேர்மனி அண்ணை வந்து இருந்தார். அவர் ஜேர்மனியில் கன காலம் இருந்துவிட்டு இங்கே வந்து குழாய் வேலைக் கொம்பனி நடத்துகிறவர். எங்கள் பூசைக்கு முதல் ஆளாக வருவார்; நல்ல மனுசன்; வாய் சும்மா இராது.

"தம்பி, இந்த நாட்டுக்கு ஒழுங்கு காணாது. ஜேர்மனியில நாங்கள் இருந்த பிளாட்டில பத்து மணிக்குப் பிறகு குளிக்கேலாது தெரியுமோ? கக்கூசுக்குத் தண்ணி இழுத்தாலும் கீழ்வீட்டுக் கிழவி தும்புத்தடியால சீலிங்கில இடிப்பாள்."

"அப்ப என்ன செய்தனீங்கள் அண்ணை?"

"விடியுமட்டும் பொறுத்திருந்தனான். அதாலதான் நான் இவ்வளவு பொறுமைசாலி" என்று சொல்லித் தன் பகிடிக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

கவுன்சிலில் இருந்து வந்த பெண் மரியாதையாகப் பேசினார். திரையில் படம் காட்டினார். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார் என்று முகத்தில் தெரிந்தது. எனக்கோ அவரது குரலுக்கு அடியில் அந்த ஜீப் உறுமுகிற சத்தம் வரத் தொடங்கியது.

பிறகு கேள்வி நேரம். ஜேர்மனி அண்ணை எழும்பினார். தன் ஆங்கிலத்தில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ஒரு கள்ளமும் இல்லாமல் கேட்டார்: இரவு பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெருவில் என்ன வேலை?

பலர் தலையாட்டினார்கள். அவருக்குப் பின்னால் கடைசி வரிசையில் செத்த பையனின் தாய் இருந்தது அவருக்குத் தெரியாது.

அந்தத் தாய் எழும்பி நின்றார். கோர்ட்டில் நிற்கிறவர் போல. மகன் சிநேகிதனின் போன் சார்ஜரைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் என்றார். வீட்டில் பால் முடிந்திருந்தது, அதுவும் காரணமாக இருக்கலாம் என்றார். பிறகு, அவனுக்குத் தலையிடி, காற்று வாங்கப் போயிருப்பான் என்றார். நல்ல பிள்ளை, நீங்கள் எல்லோரும் அவனைப் பீடத்தில் பார்த்திருக்கிறீர்கள்தானே என்றார். ஒரு காரணம் காணாது என்று நினைத்து இன்னொன்றைத் தேடிக்கொண்டே நின்றார். அவரது கை மேல்சட்டையின் நுனியைப் பிடித்து முறுக்கி முறுக்கி வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனது.

நான் எழும்பியது எனக்குத் தெரியாது. என்னுடைய ஆங்கிலம் பெற்றோல் ஷெட்டில் வேலை செய்யக் காணும்; மண்டபத்தில் பேசக் காணாது. நான் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அங்கே இதைவிட நொண்டி நொண்டித்தான் வந்தது.

என் ஊரிலும் இப்படி ஒரு சட்டம் இருந்தது என்றேன். அதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயர். இது அது இல்லை, எனக்குத் தெரியும், இங்கே ஒருவரும் சுடப்போவதில்லை. ஆனால் என் தமையன் அந்த நேரத்தில் வெளியில் செத்தான். பிறகு ஒருவரும் கொன்றவனைத் தேடவில்லை. அவன் ஏன் வெளியில் போனான் என்றுதான் தேடினார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே என் வீடு முடிந்தது. இப்போது இந்த அம்மாவின் பிள்ளை கொலைசெய்யப்பட்ட பிள்ளை. அவ்வளவுதான் அவன். நாளைக்கு இந்தச் சட்டம் வந்த பிறகு இப்படி ஒரு பிள்ளை செத்தால், அவன் முதலில் சட்டத்தை மீறியவன், அதற்குப் பிறகுதான் செத்தவன். என் வீட்டிலும் சட்டம் இருக்கிறது. மகள் பிந்தி வந்தால் நான் ஏசுவேன். ஏசிவிட்டுச் சோறு போடுவேன். உங்கள் சட்டம் சோறு போடுமா? பயம் என்றால் இரண்டு பெரியவர்களைப் பஸ் தரிப்பில் நிற்கவிடுங்கள், நான் வந்து நிற்கிறேன். தெருவிலிருந்து பிள்ளைகளை எடுக்காதீர்கள்.

கதிரையில் இருந்துவிட்டேன். கவுன்சில் பெண் நன்றி சொன்னார்.

கை தூக்கச் சொன்னபோது கன கைகள் எழும்பின. நான் ஒருவரையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் பிள்ளை பெற்றவர்கள். என் கை மடியில் கிடந்தது. மனைவியின் கை பாதி எழும்பி, என் முகத்தைப் பார்த்து, கீழே போனது. ஜேர்மனி அண்ணை தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். "அந்த மனுசி பின்னால இருந்ததை நீர் எனக்குச் சொல்லியிருக்கலாமே தம்பி" என்று என் காதுக்குள் சொன்னார். கண் கலங்கியிருந்தது. பிறகு எழும்பி, அந்தத் தாயிடம் போய்க் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அவர் தலையாட்டியதைக் கண்டேன்.

நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது அந்தத் தாய் என்னிடம் வந்தார். "உங்கள் தமையன் எதற்காக வெளியில் போனார்?" என்று கேட்டார். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. துணை தேடுகிற குரல்.

குளிசை என்று நாக்கு எடுத்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லை நான் அந்தக் கேள்விக்கு முதன்முதலாகச் சொன்னது அங்கேதான்.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். பிறகு, "அவனுக்கு வெளியில் நிற்கப் பிடிக்கும்" என்றார். அப்போதுதான் அழுதார். மகள் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளும் அன்றைக்குத்தான் அழுதாள்.

முடிவு இன்னும் வரவில்லை. யோசிக்கிறார்களாம். வந்தால் வரட்டும், வராவிட்டால் தேவனுக்குத் தோத்திரம். அடுத்த ஞாயிறு மகள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். பாடவில்லை, ஆனால் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எனக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் பின்னேரம், வெளியே முழு இருட்டு, அவள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அப்பா, ஒருக்கா வெளியில போட்டு வாறன்."

"எங்க பிள்ளை?"

"சும்மா. இந்த ரோட்டு முனைக்கு. எல்லாரும் நிக்கினம்."

ஏன் என்று கேட்க வாய் திறந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். மகளும் பார்த்தாள்; நான் மண்டபத்தில் சொன்னது எனக்கு முன்னால் நின்று என்னையே பார்ப்பது போல இருந்தது.

"சரி. போட்டு வா" என்றேன்.

கதவு சாத்திய பிறகு மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து செபமாலையை எடுத்தேன். முதலாம் காரணிக்கத்தின் பத்து மணியும் முடியவில்லை. எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்று தெரியாமல் போய்விட்டது. திரும்பத் தொடங்கினேன். திரும்பவும் விட்டுப்போனது. யாரோ பக்கத்தில் சீலையைக் கடித்துக்கொண்டு மூச்சை அடக்குகிற மாதிரி இருந்தது. தெருவில் இளசுகள் நாலைந்து பேர் சத்தமாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் என் மகளின் சிரிப்பு இருக்கிறதா என்று காதைக் கொடுத்தேன். பிரித்து அறிய முடியவில்லை. மணியை விரலில் பிடித்தபடி, கேட்டுக்கொண்டே இருந்தேன்.